கண்ணி வைத்தவனை எங்கே தேடிச் சுடுவது?

கேள்வி: சரணாலயங்களில் திருட்டு வேட்டையாடுபவர்களைக் கண்டதும் சுட வனக்காவலர்களுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டால் வேட்டை நின்றுவிடாதா?

பதில்: நிற்காது. உங்கள் கோபம் நியாயமானது. தந்தத்துக்காக முகம் வெட்டப்பட்ட யானையின் அருகே நின்ற காவலருக்கு அந்தக் கோபம் இன்னும் அதிகம். ஆனால் ரோந்து போகிறவர் வேட்டைக்காரனை நேருக்கு நேர் பார்ப்பது அபூர்வம். அவர் பார்ப்பது அணைந்துபோன அடுப்பு, செருப்புத் தடம், புதருக்குள் கட்டிய சுருக்குக் கம்பி, அதாவது கண்ணி. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி போதும், ஒரு மானின் கால் மாட்டிக்கொள்ளும். கட்டியவன் அந்நேரம் வீட்டில் இருப்பான்.

கம்போடியாவின் தெற்கு கார்டமம் தேசியப் பூங்காவில் 2010 முதல் 2015 வரை காவலர்கள் அகற்றிய கண்ணிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். கம்போடியா, லாவோஸ், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் 1.23 கோடி கண்ணிகள் இருக்கலாம் என்று உலக இயற்கை நிதியம் 2020-ல் மதிப்பிட்டது. இலைச் சருகுக்குள் கிடக்கும் கம்பி, இரண்டடி தள்ளி நடந்தால் கண்ணில் படாது. எடுத்த இடத்திலேயே மறுநாள் புதிதாகக் கட்டிவிடலாம், செலவு அற்பம்.

சரி, ஆயுதத்தோடு வருபவர்கள்? தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் ஹெலிகாப்டர், மோப்ப நாய், ஆயுதம் தாங்கிய காவலர் எல்லாமே இருந்தும், 2014-ல் அந்த நாடு இழந்த 1,215 காண்டாமிருகங்களில் பெரும்பாலானவை குரூகரில்தான் செத்தன. பூங்காவுக்குள் வேலை பார்த்தவர்களே வேட்டைக் கும்பலுக்கு உதவியதாகக் கைதானார்கள். காங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவில் இதுவரை 200-க்கும் மேற்பட்ட காவலர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் கையிலும் துப்பாக்கி இருந்தது.

சுட்டுக் கொன்றால் இன்னொன்றையும் இழக்கிறோம். கொம்பை யாரிடம் கொடுக்கப் போனான், முன்பணம் யார் தந்தது என்று செத்தவன் சொல்ல மாட்டான். காட்டுக்குள் வருபவன் பெரும்பாலும் ஏழை. பணம் குவிப்பவன் காட்டுப் பக்கமே வருவதில்லை. அவனைப் பிடிக்க வேட்டைக்காரன் உயிரோடு சிக்க வேண்டும். அப்புறம் வழக்கு நிற்க வேண்டும். தடயத்தை எடுத்த இடம், நேரம், படம், சாட்சி, முத்திரை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் குற்றவாளி வெளியே வந்துவிடுவான்; பிடித்துக் கொடுத்த காவலர் அதே காட்டில் அவன் கண்ணெதிரில்தான் நடமாட வேண்டும்.

அரசிடம் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்: தற்காலிகக் கூலியில் ரோந்து போகிறவர்களுக்கு நிரந்தர வேலை, உயிர்க் காப்பீடு, தடயம் சேகரிக்கப் பயிற்சி. கண்ணிக் கம்பியோடு சரணாலயத்துக்குள் நுழைவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம். வாங்குபவனைத் தேடிப் போகத் தனியாக ஒரு புலனாய்வுக் குழு.