ஆசஃப் ஹாலுக்கு வாய்த்தது அதிர்ஷ்டமா?

கேள்வி: செவ்வாய்க்கு இரண்டு நிலா உண்டென்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1726லேயே 'கலிவரின் பயணங்க'ளில் எழுதிவிட்டார். 1877இல் அமெரிக்கர் ஆசஃப் ஹால் அவற்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறோம். தச்சு வேலை பார்த்தவர் அவர். பெரிய தொலைநோக்கி கையில் கிடைத்தது, அதிர்ஷ்டமும் சேர்ந்தது. அவ்வளவுதானே?

பதில்: இல்லை. ஸ்விஃப்டின் எண்களை முதலில் பார்ப்போம். உள் நிலா செவ்வாயின் மையத்திலிருந்து 3 விட்டத் தொலைவில், 10 மணி நேரத்தில் சுற்றுகிறது. வெளி நிலா 5 விட்டத் தொலைவில், 21½ மணியில். தொலைவுகளின் கனம் (3×3×3, 5×5×5) 27க்கு 125. காலங்களின் வர்க்கம் (10×10, 21½×21½) 100க்கு 462. இரண்டு விகிதமும் ஒன்றுதான். அதாவது, காலத்தின் வர்க்கம் தொலைவின் கனத்துக்கேற்ப மாறும் என்ற வானியலாளர் கெப்ளரின் மூன்றாம் விதிக்குப் பொருந்தும்படி கணக்குப் போட்டுக் கதையில் வைத்திருக்கிறார். நல்ல வேலைதான். ஆனால் வானத்தில் இருப்பது வேறு: உள் நிலா ஃபோபோஸ் 1.4 விட்டத் தொலைவில், 7 மணி 39 நிமிடம். வெளி நிலா டீமோஸ் சுமார் 3.5 விட்டத் தொலைவில், 30 மணி 18 நிமிடம். ஸ்விஃப்ட் சொன்ன 3 விட்டத்தில் உண்மையிலேயே ஒரு நிலா இருந்தால் அதற்கு ஏறக்குறைய 24 மணி பிடிக்கும். 'இரண்டு' என்பதும் பழைய ஊகம். பூமிக்கு 1, வியாழனுக்கு அன்று தெரிந்தவை 4, நடுவிலுள்ள செவ்வாய்க்கு 2 இருக்கலாம் என்று கெப்ளரே நினைத்தார்.

அடுத்து, தொலைநோக்கி. வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தில் ஆல்வன் கிளார்க் நிறுவனத்தார் செய்துகொடுத்த 26 அங்குல லென்ஸ் தொலைநோக்கி, அவ்வகையில் அன்று உலகிலேயே பெரியது. ஆனால் அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் 72 அங்குல ஆடித் தொலைநோக்கி 1845 முதல் இருந்தது. அதில் யாருக்கும் இந்த நிலாக்கள் அகப்படவில்லை. ஹால் அறிவித்த பிறகோ, 26 அங்குலத்தைவிட மிகச் சிறிய கருவிகளிலும் பலர் பார்த்துவிட்டார்கள். குறை கருவியில் இல்லை, தேடிய இடத்தில்.

கோபன்ஹேகனில் வானியலாளர் டாரஸ்ட் 1860களில் தேடியபோது, வானில் செவ்வாயிலிருந்து முழுநிலாவின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேலான தொலைவுவரை நிலா இருக்கலாம் என்று கணக்கிட்டார். உண்மையில் டீமோஸ் அந்த அகலத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டி விலகாது. ஃபோபோஸ் ஐம்பதில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. செவ்வாயோ அவற்றைவிடப் பல லட்சம் மடங்கு ஒளி மிக்கது. கிரகம் பார்வைப் புலத்துக்குள் இருக்கும்வரை அந்தக் கூசலில் நிலா கண்ணில் படாது.

ஹாலும் ஆகஸ்ட் 1877இல் முதலில் தள்ளித்தான் தேடினார். கிடைத்த புள்ளிகளெல்லாம் விண்மீன்கள். பிறகுதான் கண்ணருகு லென்ஸை நகர்த்தி, செவ்வாயைப் பார்வைப் புலத்தின் விளிம்புக்குச் சற்றே வெளியே நிறுத்தி, அப்படியே கிரகத்தைச் சுற்றி வந்தார். 10ஆம் தேதி பிம்பம் நடுங்கியதால் ஒன்றும் தெரியவில்லை. 11ஆம் தேதி இரவு, மணி இரண்டரைக்கு, மங்கலாக ஒரு புள்ளி. அதன் இடத்தை ஒருமுறை அளந்து முடித்ததுமே பொட்டோமாக் ஆற்று மூடுபனி மறைத்துவிட்டது. பிறகு சில நாள் மேகம். 16ஆம் தேதி அதே புள்ளி செவ்வாயோடு சேர்ந்து நகர்வதைக் கண்டார்: டீமோஸ். மறுநாள் அதற்காகக் காத்திருந்தபோது ஃபோபோஸ் தெரிந்தது. அது ஒரே இரவில் கிரகத்தின் இரு பக்கமும் தோன்றியதால், உள்ளே இரண்டு மூன்று நிலாக்கள் இருக்குமோ என்று ஐயம். 20, 21 இரவுகள் முழுக்கக் கண்ணெடுக்காமல் பார்த்து, ஒன்றுதான் என்று முடிவுசெய்தார். செவ்வாய் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதற்குள் அந்த நிலா மூன்று சுற்றுக்கு மேல் முடித்துவிடுகிறது; அத்தகைய நிலாவை அதுவரை எவரும் கண்டதில்லை.

தேடத் தூண்டியது எது தெரியுமா? 1876 டிசம்பரில் சனியில் ஒரு வெண்புள்ளியைத் தொடர்ந்து அளந்து, சனியின் ஒரு நாள் 10 மணி 14 நிமிடம் என்று கண்டார். பாடநூல்கள் சொன்னதிலிருந்து அது ஏறக்குறைய கால் மணி வேறுபட்டது. நூல்கள் எவ்வளவு கவனமின்றி எழுதப்படுகின்றன என்பது உறைத்தது. 'செவ்வாய்க்கு நிலா இல்லை' என்ற வாக்கியத்தையும் அவர் நம்ப மறுத்தார். இதற்கு அதிர்ஷ்டம் என்று பெயரிடுவது நியாயமில்லை.

கண்டதோடு நிற்கவும் இல்லை. நிலாக்களின் பாதையிலிருந்து செவ்வாயின் நிறையைச் சூரியனுடையதில் 30,93,500இல் ஒரு பங்கு என்று கணித்தார். இன்றைய மதிப்பு சுமார் 30,98,700. பிழை 0.2 சதவீதத்துக்கும் குறைவு.

தச்சர் என்பது மெய். 1829இல் கனெக்டிகட்டின் கோஷெனில் பிறந்தார், 13 வயதில் தந்தையை இழந்தார், 16 வயதில் தச்சுப் பயிற்சிக்குப் போனார். ஹார்வர்ட் வானாய்வகத்தில் அவருடைய தொடக்கச் சம்பளம் வாரம் 3 டாலர். உங்கள் கேள்வியில் விடுபட்டவர் ஆஞ்சலின் ஸ்டிக்னி. மெக்ராவில் கல்லூரியில் ஹாலுக்குக் கணிதம் கற்பித்தவர், 1856இல் அவரை மணந்தவர். மனைவி ஊக்கப்படுத்தியிராவிட்டால் தேடலைக் கைவிட்டிருக்கக்கூடும் என்று ஹாலே எழுதியிருக்கிறார். ஃபோபோஸில் உள்ள மிகப் பெரிய பள்ளம், சுமார் 9 கிலோமீட்டர் அகலம், இன்று ஸ்டிக்னி என்றே அழைக்கப்படுகிறது.