மறுக்கத் தெரியாதவர்களின் பாதுகாப்பு: கேள்வி பதில்

கேள்வி (ஒரு தாய்): ஆட்டிசம் உள்ள என் மகனுக்குப் பதினான்கு வயது. யார் எதைச் சொன்னாலும் மறுபேச்சின்றிச் செய்துவிடுவான். எல்லோரும் பாராட்டுகிறார்கள், எனக்கு மட்டும் அச்சமாக இருக்கிறது.

பதில்: அச்சம் நியாயமானதே. வளர்ச்சிசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் நாம் கற்பிப்பது பெரும்பாலும் கீழ்ப்படிதலைத்தான். பெரியவர் தொட்டால் விலகக் கூடாது என்று பழகிய பிள்ளை, தீய எண்ணத்தோடு தொடுபவரை மட்டும் எப்படி மறுக்கும்? 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, மனநலக் குறைபாடோ அறிவுசார் குறைபாடோ உள்ள குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 4.6 மடங்கு என்று மதிப்பிட்டது.

ஆகவே மறுப்பதற்கும் பயிற்சி கொடுங்கள். இந்தச் சட்டை வேண்டாம், கட்டிப்பிடிக்க வேண்டாம் என்று அவன் சொல்லும்போதெல்லாம் அந்த மறுப்புக்குப் பலன் கிடைக்க வேண்டும். குளிப்பாட்டும்முன் அனுமதி கேளுங்கள். உடலுறுப்புகளின் உண்மையான பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். பட அட்டைகளால் பேசுபவன் என்றால், உணவும் பொம்மையும் மட்டுமே உள்ள அட்டைத் தொகுப்பில் ‘நிறுத்து’, ‘வலிக்கிறது’, அந்தரங்க உறுப்புகள் ஆகியவற்றுக்கும் படம் சேருங்கள். அட்டையில் இல்லாததை அவனால் புகாராகச் சொல்ல முடியாது.

கேள்வி (ஒரு சகோதரர்): காப்பகத்தில் இருக்கும் என் தங்கைக்கு டவுன் சிண்ட்ரோம். சில வாரங்களாகக் குளிக்க மறுக்கிறாள், படுக்கையை நனைக்கிறாள். ‘இது அவளுடைய குறைபாட்டின் இயல்பு’ என்கிறார்கள்.

பதில்: பிறவியிலேயே உள்ள குறைபாடு, சில வாரங்களுக்கு முன் தொடங்கிய மாற்றத்துக்கு விளக்கமாகாது. எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடும் இந்தப் பழக்கத்தால் நோயும் மறைகிறது, கொடுமையும் மறைகிறது. சிறுநீர்த் தொற்று, தைராய்டு சுரப்புக் குறைவு போன்றவையும் காரணமாக இருக்கலாம் என்பதால், காப்பகத்தைச் சாராத மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் அந்த முடிவு வரும்வரை, யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்களோ என்ற ஐயத்தை ஒத்திப்போடாதீர்கள். மாற்றம் தொடங்கிய நாள், அப்போது பணியில் இருந்தவர்கள், குளிப்பாட்டுபவர் யார் என்பவற்றைக் குறித்துவையுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் சென்று பாருங்கள். அதை நிர்வாகம் தடுத்தால் அதையும் குறியுங்கள்.

கேள்வி (ஒரு சிறப்பாசிரியர்): மாணவி ஒருத்தி, தன்னை ஒருவர் தொட்டதாகச் சொன்னாள். நான் எவ்வளவு தூரம் கேட்கலாம்?

பதில்: மிகக் குறைவாக. ‘என்ன நடந்தது, சொல்லம்மா’ என்பதுபோலத் திறந்த கேள்வி போதும். ‘அவர் இங்கே தொட்டாரா?’ என்று நீங்களே விடையை எடுத்துக்கொடுக்கக் கூடாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர் கேட்பவரை மகிழ்விக்க ‘ஆம்’ என்றே சொல்லிவிடுவார்கள், பின்னர் அந்த ஒரு ‘ஆம்’ வாக்குமூலம் முழுவதையும் பலவீனப்படுத்தும். இதே காரணத்தால், பேச முடியாதவரின் கையை வேறொருவர் பிடித்துத் தட்டச்சு செய்யவைக்கும் முறையையும் நம்பாதீர்கள். அதில் எழுத்துகள் பிடித்திருப்பவருடையவை என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதிவையுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அண்மையில் நடந்ததென்றால் உடையைத் துவைக்கவோ அவளைக் குளிப்பாட்டவோ வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவரை நீங்களே விசாரிக்காமல், அன்றே காவல்துறைக்கும் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் தெரிவியுங்கள். ‘முதலில் உள்விசாரணை நடத்துவோம்’ என்று நிர்வாகம் சொன்னாலும் காத்திராதீர்கள்.

கேள்வி (ஒரு தந்தை): நீதிமன்றம் இவர்கள் பேச்சை ஏற்குமா?

பதில்: ஏற்க வழிசெய்வது அரசின் கடமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் (2006) 13-ஆம் பிரிவு, சாட்சி சொல்பவருக்கேற்ப நடைமுறையை மாற்றியமைக்கச் சொல்கிறது. எளிய சொற்கள், அடிக்கடி இடைவேளை, பட அட்டை, துணைக்கு ஒருவர் ஆகியவற்றை விசாரணை தொடங்கும்முன்பே எழுத்தில் கேளுங்கள்.