‘ஜட்ஜ் லீவு’ என்கிறார் குமாஸ்தா; செல்போன் வேறு சொல்கிறது

கேள்வி: அப்பாவின் நிலத்தில் பாகம் கேட்டு 2017-ல் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். எதிர்த்தரப்பு என் அண்ணன்கள் இருவர். பெரியவர் போன வருடம் தவறிவிட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் குமாஸ்தா 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, “ஜட்ஜ் லீவும்மா, தேதி போட்டாச்சு” என்கிறார். இப்போது ஒருவர் போன் செய்து, 15,000 ரூபாய் கொடுத்தால் கம்ப்யூட்டர் வழியாக மக்கள் நீதிமன்றத்துக்கு மாற்றி மூன்றே மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? மகள் செல்போனில் எடுத்த வழக்கு விவரப் படத்தை அனுப்பியிருக்கிறேன்.
— வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நம்பாதீர்கள். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதைவிட அவசரமான விஷயம் உங்கள் மகள் அனுப்பிய படத்தில் இருக்கிறது.

கடைசி ஐந்து வாய்தாக்களில் ஒன்றில் மட்டும்தான் நீதிபதி விடுப்பு. மற்ற நான்கிலும் ஒரே வரி: ‘டி1 ரிப்போர்ட்டட் டெட். ஃபார் ஸ்டெப்ஸ்.’ முதல் பிரதிவாதி இறந்துவிட்டதாகத் தெரிவிக்கப்பட்டிருக்கிறது, அடுத்து செய்ய வேண்டியதை வாதி செய்யட்டும் என்பது பொருள். வாதி நீங்கள்தான். நீதிமன்றம் உங்களுக்காகக் காத்திருக்கிறது, நீங்கள் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கிறீர்கள்.

வழக்கு நடக்கும்போது ஒரு தரப்பினர் இறந்தால், 90 நாளுக்குள் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். பாகப்பிரிவினையில் பங்காளிகள் எல்லோரும் இருந்தாக வேண்டும் என்பதால் மொத்த வழக்கும் ஆட்டம் காணும். அற்றுப்போனதை நீக்கக் கேட்க இன்னும் 60 நாள் உண்டு. அதுவும் போனால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த நிலைக்கு வந்துவிட்டீர்கள். பயப்பட வேண்டாம். சரியான காரணம் காட்டினால், பாக வழக்குகளில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் கடுமை காட்டுவதில்லை. ஆனால் இனி ஒரு வாய்தாவைக்கூட வீணாக்காதீர்கள்.

இதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. இ-கோர்ட்ஸ் செயலி இலவசம். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண் (வழக்கின் தனி அடையாள எண்) உண்டு, தமிழ்நாட்டு வழக்கென்றால் ‘டி.என்.’ என்று தொடங்கும். அதைப் போட்டால் வழக்கு திறக்கும். எண் தெரியாவிட்டால் மாவட்டம், நீதிமன்ற வளாகம், உங்கள் பெயர், வழக்குப் போட்ட ஆண்டு கொடுத்துத் தேடலாம். அதில் அடுத்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பழைய தேதி ஒவ்வொன்றையும் தொட்டால் அன்று நடந்தது ஓரிரு வரியில் வரும். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

அந்த ஓரிரு வரிதான் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்று சட்டமே இருக்கிறது. இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. அவ்வளவு பணத்தில், ‘வாரிசுகளைச் சேர்க்க மனுப் போடவும்’ என்று தமிழில் ஒரு வரி வர ஏற்பாடு செய்ய முடியாதா? அந்த வரி வந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலையே இருந்திருக்காது. புரியாத வரிகள் இருக்கும்வரை அதை விளக்கிச் சொல்கிறேன் என்று காசு வாங்கும் ஆட்களும் இருப்பார்கள்.

மகள் அருகில் இல்லாத நாளில் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் இ-சேவை மையத்தில் கேளுங்கள். சான்றிதழ் வாங்கப் போகிறோமே, அந்த இ-சேவை மையம் வேறு, இது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால் வெளியே கடை விரித்திருப்பவர்கள் ‘கோர்ட் வேலையும் பார்க்கப்படும்’ என்று எழுதிப்போட்டுக் காசு பார்க்கிறார்கள். அந்தக் கடைகளில் ஆதார் நகலையோ, வெற்று வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் படிவம்) கையெழுத்தையோ, போனுக்கு வரும் ஓ.டி.பி.யையோ கொடுக்காதீர்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து எவருக்கும் வேண்டாம், சொந்த வக்கீலுக்கும் வேண்டாம்.

வக்கீலை நேரில் பாருங்கள், குமாஸ்தாவை அல்ல. படத்தைக் காட்டி, வாரிசு மனு ஏன் போடவில்லை என்று கேளுங்கள். அவருக்கே விஷயம் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது. உச்ச நீதிமன்றம் 2000-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. புது வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் வைத்துத் தர 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இடம் கொடுக்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

இனி மக்கள் நீதிமன்றம், அதாவது இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் லோக் அதாலத். உங்கள் வழக்குக்கு அது நல்ல வழிதான், கட்டணமும் இல்லை. சின்ன அண்ணனும் அண்ணியும் பேசத் தயார் என்றால், உங்கள் வக்கீல் மூலம் நீதிபதியிடமே கேட்கலாம். சமரசமாக முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வெளியே தங்களுக்குள் பேசி முடித்தவர்களுக்கும் இது உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் நிலம் எல்லோருடைய கூட்டு அனுபவத்தில், அதாவது பிரிக்காமல் பொதுவில், இருப்பதாகச் சொல்லிப் போட்ட பாக வழக்கில் கட்டிய தொகையே சிறியது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் இருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் மைனர். வாரிசு மனு ஏற்கப்பட்டால் அவனும் பிரதிவாதி ஆவான். அவனுக்காக அவன் அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்று எல்லோரும் நினைப்பார்கள். போதாது. மைனர் பங்குக்குச் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அது பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பையனுக்கு இது நன்மை என்று அவன் வக்கீலும் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் அவன் பெரியவனானதும், ‘என்னை ஏமாற்றிப் பிரித்துவிட்டார்கள்’ என்று வந்து கேட்கலாம். அப்போது அந்த நிலத்தில் நீங்கள் வீடு கட்டியிருப்பீர்கள், அல்லது விற்றிருப்பீர்கள். அவசரத்தில் இந்த அனுமதியை விட்ட சமரசங்கள் பல, பத்து வருடம் கழித்துப் புது வழக்காக வந்து நிற்கின்றன. மக்கள் நீதிமன்றம் என்றாலும், சமரச மையம் என்றாலும் இதை விடாதீர்கள்.

மக்கள் நீதிமன்ற உத்தரவுக்கு மேல்முறையீடும் கிடையாது. கையெழுத்துக்கு முன் சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை ஆகியவற்றைப் பட்டாவோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். தப்பு இருந்தால் பின்னால் தாலுகா அலுவலகத்தில் அலைய வேண்டியது நீங்கள்தான்.

போனில் வந்தவர் விஷயம்: வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்புவது நீதிபதி. வெளியாள் யாரும் கம்ப்யூட்டரில் மாற்ற முடியாது. “ஹைகோர்ட்டில் ஆள் இருக்கிறது” என்பதெல்லாம் பொய். பணம் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. ஜி-பே, போன்-பே வழியாக அனுப்பியிருந்தால் இன்றே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. அனுப்பிய ரசீதையும் அவர் எண்ணையும் அழிக்காதீர்கள்.