மாலத்தீவுக்கு விசா சுலபம், படகு நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: "வரும் மே மாதம் குடும்பத்தோடு 5 இரவு மாலத்தீவு போக நினைக்கிறோம். நான், மனைவி, 8 வயது மகன், 68 வயது அம்மா. எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். அம்மாவுடையது செப்டம்பரில் முடிகிறது. விசாவுக்கு எங்கே விண்ணப்பிப்பது? மாலை 5 மணிக்குப் போய் இறங்குகிற விமானத்தில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, எடுத்துவிடலாமா? வேறு என்னென்ன ஏற்பாடு தேவை?"

அந்த 5 மணி டிக்கெட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். விசாவைவிட அதுதான் பெரிய கேள்வி. ஆனாலும் விசாவை முதலில் முடித்துவிடுவோம், சீக்கிரம் முடிகிற விஷயம் அது.

மாலத்தீவுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டாம். அநேகமாக எல்லா நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கும் இறங்கியவுடன் 30 நாள் அனுமதியை இலவசமாகவே தருகிறார்கள். இந்தியர்களுக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி 90 நாள். கவுன்ட்டரில் அவர்கள் பார்ப்பது திரும்பும் டிக்கெட், தங்கப்போகும் எல்லா இரவுக்குமான புக்கிங், செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்பது. இவற்றைக் காகிதத்தில் அச்செடுத்தே வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் வரிசையில் நின்றுகொண்டு தவிக்க வேண்டாம்.

இணையத்தில் ஒரு படிவம் மட்டும் கட்டாயம். பெயர் இமுகா. விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அதற்கு முன்பே நிரப்பினால் ஏற்காது. மகனுக்கும் தனியாகத் தேவை. நிரப்பியதும் ஒரு கியூஆர் கோடு வரும், அதைச் சேமித்து வையுங்கள். திரும்பும்போதும் இதையே இன்னொரு முறை நிரப்ப வேண்டும், பலர் இதை மறந்துவிட்டு விமான நிலையத்தில் உட்கார்ந்து அவசர அவசரமாகத் தட்டிக்கொண்டிருப்பார்கள். படிவத்துக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் அசல் போலவே இருக்கும், தலைக்கு இவ்வளவு டாலர் என்று கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை. அங்கே பாஸ்போர்ட் படத்தை ஏற்றிவிடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். நம் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கும், அப்பா பெயரும் சொந்தப் பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் நிற்கும். டிக்கெட்டில் ஒரு மாதிரி, படிவத்தில் ஒரு மாதிரி போட்டுவிட்டால் கவுன்ட்டரில் கேள்வி வரும். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் முதல் வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுங்கள். டிக்கெட் எடுப்பவரிடமும் அந்தப் பக்கத்தின் படத்தையே கொடுங்கள், பெயரை வாயால் சொல்லாதீர்கள்.

அம்மாவின் பாஸ்போர்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாலத்தீவுக்காரர்கள் எதிர்பார்ப்பது குறைந்தது ஒரு மாதச் செல்லுபடிக் காலம்தான். அதன்படி மே மாதத்துக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஆறு மாதம் இருக்கிறதா என்று பார்ப்பது விமான நிறுவனங்களிடம் பழகிப்போன வழக்கம். வேறு நாட்டில் விமானம் மாறுவதாக இருந்தால் அந்த நாட்டு விதியும் சேர்ந்துகொள்ளும். எனக்கு இது மனதை உறுத்துகிற இடம். கிளம்ப இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் புதுப்பித்துவிடுங்கள். புது எண் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

சரி, அந்த 5 மணிக்கு வருவோம். நீங்கள் போய் இறங்கும் வேலனா விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே என்ற தனித் தீவில். அங்கே இறங்கினால் பாதிப் பயணம்தான் முடிந்திருக்கும். மீதி கடல் வழியே. தொலைவில் உள்ள ரிசார்ட் என்றால் பெரும்பாலும் கடல் விமானத்தில்தான் போக வேண்டும், அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரைக்குள் தரையிறங்காவிட்டால் அன்றைக்கு அதைப் பிடிப்பது சந்தேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஏற்பாடு செய்து கொடுத்த ஒரு குடும்பம், விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமானதில் நாலே முக்காலுக்குப் போய் இறங்கியது. கடைசிக் கடல் விமானம் போய்விட்டது. கைக்குழந்தையோடு தலைநகர் மாலேயில் அறை தேடி அந்த இரவைக் கழித்தார்கள், ரிசார்ட்டில் கட்டிய முதல் இரவுப் பணமும் போயிற்று. அந்தத் தாமதத்துக்கு நான் இடம் விட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் முதலில் தீவு, அடுத்து படகு நேரம், அதற்கப்புறம்தான் டிக்கெட் என்று சொல்கிறேன்.

நீங்கள் மாஃபுஷி போல, மக்கள் வாழும் பக்கத்துத் தீவில் விருந்தினர் விடுதி எடுத்தால் 5 மணி பரவாயில்லை. ஸ்பீடு போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், இருட்டிய பிறகும் படகு உண்டு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை விடுதியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திகுரா போன்ற தூரத்துத் தீவுக்கு இரண்டு மணி நேரக் கடல் பயணம், படகும் நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான். அப்படியானால் முதல் இரவை ஹுல்ஹுமாலேயில் போடுங்கள், விமான நிலையத்திலிருந்து டாக்சியிலேயே போகலாம். மலிவான அரசுப் படகும் இருக்கிறது. அது மாலேயிலிருந்து கிளம்பும், மெதுவாகப் போகும், வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது. அம்மாவையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம். மழை நாள் முழுக்கக் கொட்டாது, ஆனால் கடல் எழும்பும். ஸ்பீடு போட் அலைமேல் ஏறி ஏறி விழும்போது முன்பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதுகில் அடி விழுந்தது போல இருக்கும். அம்மாவைப் பின்வரிசையில், எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அங்கே சத்தம் அதிகம், குலுக்கல் குறைவு. மருத்துவரிடம் கேட்டுக் குமட்டல் மாத்திரையும் வாங்கி, ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அமைதியான கடல்தான் முக்கியம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம், விலையும் அப்போதுதான் ஏறியிருக்கும்.

பணக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் அதில் சேரவில்லை என்று அர்த்தம். 100 டாலர் அறைக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதன்மேல் 17 சதவீதச் சுற்றுலா வரி என்று சேர்த்தால் கிட்டத்தட்ட 129 டாலர் வரும். பசுமை வரி தனி. சிறிய விருந்தினர் விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. உங்கள் நால்வருக்கு 5 இரவுக்கு முறையே 120 அல்லது 240 டாலர். நாட்டை விட்டுக் கிளம்பும் வரியும் விமான நிலையக் கட்டணமும் எகானமி வகுப்பில் ஒவ்வொன்றும் 50 டாலர், இரண்டும் சேர்ந்து ஆளுக்கு 100 ஆகிறது. அது டிக்கெட் விலைக்குள்ளேயே இருக்கும், தனியாகக் கட்ட வேண்டாம்.

பெட்டி கட்டும்போது கவனமாக இருங்கள், மாலத்தீவு முஸ்லிம் நாடு. மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுக்கான சிலைகள் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அம்மாவின் கைப்பையில் சின்னப் பிள்ளையார் இருந்தால் வீட்டுப் பூஜையறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவருக்கு அது மனக்கஷ்டமாக இருக்கலாம், ஸ்கேனரில் தெரிந்து அங்கே எடுத்து வைப்பது அதைவிடக் கஷ்டம். மின் சிகரெட்டுக்கு 2024 நவம்பரிலிருந்து தடை, சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்துத்தான். அம்மாவின் மாத்திரைகளை அட்டையைக் கிழிக்காமல் மருந்துச் சீட்டோடு கைப்பெட்டியில் வையுங்கள். கடல் விமானம் என்றால் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோவுக்குள் இருக்கட்டும், மிஞ்சினால் காசு. அங்கே சுவரில் இருப்பது தட்டையான மூன்று கால் உள்ள பிளக், அதற்கான அடாப்டர் ஒன்று போதும்.

மக்கள் வாழும் தீவில் தெருவில் நடக்கும்போது தோளும் முழங்காலும் மறையும் உடை போடுங்கள். நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், அங்கே மட்டும் போட்டுக்கொள்ளலாம். மாலே இருப்பது பூமத்திய ரேகைக்கு 4 டிகிரி பக்கத்தில். மேகம் மூடியிருந்தாலும் வெயில் சுட்டுவிடும். மகனுக்கு முழுக்கை நீச்சல் சட்டை வாங்குங்கள். பவளப்பாறை ஓரத்தில் தண்ணீர் திடீரென இழுக்கும், எங்கே இறங்கலாம் என்று விடுதிப் பையன்களிடம் தினமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். நேற்று அமைதியாக இருந்த இடம் இன்றைக்கு அப்படி இருக்காது.

அப்புறம், கிளம்புகிற அன்று காலை மகனின் கால்சட்டைப் பையை ஒருமுறை பாருங்கள். அந்த வயதில் பவளத் துண்டும் சங்கும் அள்ளிப் போட்டுக்கொள்ளாத பிள்ளை கிடையாது. பவளத்தையும் சங்கையும் மணலையும் நாட்டை விட்டு எடுத்துப்போக அங்கே அனுமதி இல்லை. அவனையே கரைக்குக் கூட்டிப்போய்த் திரும்பப் போடச் சொல்லுங்கள், பெட்டியை அப்புறம் மூடலாம்.