நாட்டு வெட்சியை இடுப்பளவில் வளர்ப்பது: கேள்வி பதில்

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான வெட்சி, பலர் இட்லிப்பூ என்று அழைக்கும் செடி, பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

தாம்பரம்: சார், நர்சரியில் இட்லிப்பூ என்று கேட்டால் நாலைந்து வகை காட்டுகிறார்கள். நம்ம ஊர் வெட்சியை எப்படி அடையாளம் காண்பது?

பூவின் இதழையும் இலையின் அடியையும் பாருங்கள். இக்ஸோரா காக்ஸினியா எனப்படும் நம் வெட்சியில் நான்கு இதழ்களும் நுனி கூராக இருக்கும். இலைக்குக் காம்பு இருப்பதே தெரியாது. தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். இதழ் நுனி உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் அது சீன இனம், அல்லது அதன் கலப்பு. மஞ்சள் பூ பூக்கும் வகையும் நம் இனத்தில் உண்டு, அதைத் தாராளமாக வாங்கலாம்.

குட்டையாக வேண்டும் என்பதற்காக மட்டும் 'மினி' ரகம் தேடாதீர்கள். நாட்டு வெட்சி விட்டால் ஆறேழு அடி போகும், ஆனால் கத்தரிக்குக் கட்டுப்படும். மூன்றடியில் நிறுத்துவது சிரமமே இல்லை. நர்சரி கவரில் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கிற செடியைவிட, அடியிலேயே மூன்று நான்கு கிளை பிரிந்த செடியை எடுங்கள்.

கோவை: அண்ணா, நட்டு ஒரு வருஷம் ஆகிறது. புது இலையெல்லாம் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. மண்புழு உரம், முட்டை ஓடு, கொஞ்சம் சாம்பல் எல்லாம் போட்டுவிட்டேன். தேறவில்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

முட்டை ஓட்டையும் சாம்பலையும் இன்றோடு நிறுத்துங்கள். வெட்சிக்குப் புளிப்பான மண் வேண்டும், பி.எச். (மண்ணின் புளிப்பு, கார அளவு) 5 முதல் 6 வரை இருந்தால் நல்லது. நீங்கள் போட்ட இரண்டுமே மண்ணைக் காரமாக்குபவை. போர் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டும் அதே வேலையைச் செய்கிறது. காரம் ஏறிய மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது, வேரால் எடுக்க முடியாது. இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராத சத்து என்பதால் குருத்துதான் முதலில் வெளுக்கும். இன்னும் உரம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் இந்தச் செடியில் அதிகம் நடக்கிற தவறு.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஒரு பிடி காய்ந்த மண்ணில் சமையல் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணை மாற்ற முயல்வது வீண். செடியைத் தொட்டிக்கோ மேட்டுப்பாத்திக்கோ மாற்றுவதுதான் வழி. நுரைக்கவில்லை என்றால் செடிக்கு 40 கிராம் கந்தகத் தூளை ஓரமாகத் தூவி மேல்மண்ணில் கிளறிவிடுங்கள். நுண்ணுயிர்கள் அதை அமிலமாக மாற்ற இரண்டு மூன்று மாதம் ஆகும்.

அதுவரை செடியைக் காப்பாற்ற இலைவழித் தெளிப்பு: ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் ஆசிட், பிறகு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு), சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள், பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. அன்னபேதி பச்சை நிறப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறியது காற்றுபட்டுக் கெட்டுப்போனது, பயன்படாது. ஏற்கெனவே வெளுத்த இலை முழுவதும் திரும்பாமல் போகலாம். அடுத்த குருத்து பச்சையாக வருகிறதா என்று பாருங்கள்.

யாழ்ப்பாணம்: ஐயா, எங்கட பக்கம் நிலத்துக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணி கொதிக்க வைச்சால் பாத்திரத்தில வெள்ளையாப் படியுது. வெட்சி வைக்கேலுமோ?

வைக்கலாம், தண்ணீரைக் கவனித்தால். மாரிக்கால மழைநீரைச் சேமிக்க முடிந்தால் அதுவே முதல் தெரிவு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு இல்லை, அதையும் ஊற்றலாம். கிணற்று நீர் மட்டும்தான் என்றால் 10 லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து ஊற்றுங்கள். காரத்தில் பெரும்பகுதி தணியும். அப்போதும் மஞ்சளித்தால் இரும்புச் செலேட், அதாவது இரும்பு கரைந்தே இருக்கும்படி பிணைத்த உரம், வாங்க வேண்டியிருக்கும். இதில் வகை முக்கியம். ஈ.டி.டி.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணில் சீக்கிரம் பயனற்றுப் போகும், ஈ.டி.டி.எச்.ஏ. என்று பொதியில் எழுதியிருக்கும் கருஞ்சிவப்புத் தூள்தான் தாங்கும். செடிக்கு 4 கிராம், 3 லிட்டர் நீரில் கரைத்து வேரடியில் ஊற்றவும். விலை கூடத்தான், ஆனால் அந்த மண்ணில் வேறு எதுவும் இந்த அளவுக்குக் கேட்காது.

தஞ்சாவூர்: களிமண் நிலம், மழையில் தண்ணீர் நிற்கும். குழி எப்படி எடுப்பது?

குழியே எடுக்காதீர்கள். களிமண்ணில் குழி தோண்டி நல்ல மண் போட்டால் சுற்றுப்புறத் தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கி நிற்கும், வேர் அழுகும். தரைக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள்: செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய இலைமக்கு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, செடிக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. கவரில் இருந்த ஆழத்திலேயே நடவும். வேலியாக வேண்டுமென்றால் செடிக்குச் செடி இரண்டடி.

சிமென்ட் சுவரிலிருந்தும் சுண்ணாம்பு அடித்த மதிலிலிருந்தும் மூன்றடியாவது தள்ளி வையுங்கள். வீடு கட்டிய புதிதில் சுவரோரம் கொட்டிக் கிடக்கும் காரைத்தூள் பல வருடம் மண்ணைக் கெடுக்கும்.

மதுரை: ஐயா, வேலியாக வைத்திருக்கிறோம். தோட்டக்காரர் மாதம் ஒரு முறை மட்டமாக வெட்டிவிடுகிறார். பார்க்க அழகாக இருக்கிறது, பூதான் இல்லை.

வெட்சியின் பூங்கொத்து கிளை நுனியில் மட்டுமே வரும். மாதாமாதம் நுனியை வெட்டினால் மொட்டையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். வெட்டிய இடத்திலிருந்து புதுக் கிளை வந்து, முதிர்ந்து, மொட்டு வைக்க ஏறத்தாழ இரண்டு மாதம் வேண்டும். அந்த அவகாசம் உங்கள் செடிக்குக் கிடைப்பதே இல்லை.

வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய வெட்டு, மாசி மாதத்தில். செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். வேலி வெட்டும் பெரிய கத்தரி வேண்டாம், கைக் கத்தரியால் கிளை கிளையாக, இலை ஜோடிக்குச் சற்று மேலே. எல்லாக் கிளையும் ஒரே மட்டத்தில் முடியக் கூடாது. உள்ளே சிலவற்றைத் தாழ வெட்டினால்தான் நடுவில் வெளிச்சம் இறங்கி அடிப்பகுதி மொட்டையாகாமல் இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு கொத்தும் வாடியதும் அதற்குக் கீழே ஒரு ஜோடி இலையோடு சேர்த்து நறுக்குங்கள். பொதுவாக ஒன்று இரண்டாகக் கிளைக்கும், அடுத்த முறை அந்த இடத்தில் இரண்டு கொத்து.

ஐப்பசிக்குப் பிறகு கத்தரியை எடுத்து வைத்துவிடுங்கள்.

திருச்சி: வருடம் முழுக்க ஏதாவது பார்க்கக் கிடைக்குமா, இல்லை கோடையில் மட்டும்தானா?

இந்தச் செடியை நான் பரிந்துரைப்பதே அதற்காகத்தான். மாசியில் வெட்டினால் பங்குனியில் செம்பு நிறத் தளிர் வரும், அதுவே ஓர் அழகு. சித்திரை, வைகாசியில் பெரிய பூப்பு. கொத்துகளை நறுக்கி வந்தால் ஆடி, ஆவணியில் இரண்டாவது பூப்பு. மழை தொடங்கியதும் வண்ணத்துப்பூச்சிகள் அதிகம் வரும். பூவின் குழல் நீளமானது, தேன் அடியில் இருக்கிறது. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அழகிகள் (ஸ்வாலோடெயில்) போன்ற பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது எட்டும். புரட்டாசிக்குப் பிறகு வரும் கொத்துகளை நறுக்காமல் விட்டால் காய் பிடித்து, மார்கழி, தை வாக்கில் கருஞ்சிவப்புப் பழமாகும். கொண்டைக்குருவி தேடி வரும். பூ குறையும் அந்த இரண்டு மாதத்திலும் இலை உதிராது.

இதற்கெல்லாம் நேரடி வெயில் ஐந்து மணி நேரமாவது வேண்டும். மாமர நிழலில் வைத்தால் உயிரோடு இருக்கும், பூக்காது.

சேலம்: மாடியில் தொட்டியில் வைக்கலாமா?

14 அங்குலத் தொட்டி, அடியில் நாலைந்து துளை. செம்மண், இலைமக்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு சம பங்கு. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். மாதம் ஒரு முறை அடியில் வழிந்து ஓடும் அளவுக்கு நீர் விட்டு, தேங்கிய உப்பை வெளியேற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தொட்டியிலிருந்து எடுத்து, வெளிவேரில் ஓர் அங்குலம் சீவிவிட்டுப் புது மண் போட்டு நடவும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை மட்டும் ஊற்றவே வேண்டாம்.

நாகர்கோவில்: பழைய இலைகளில் ஊதாவும் பழுப்புமாகப் புள்ளிகள். பூஞ்சை மருந்து அடித்தும் போகவில்லை.

புது இலை சுத்தமாக இருந்து பழையதில் மட்டும் வந்தால் அது நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. பொட்டாஷ் அல்லது மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாடு. மழை அதிகமுள்ள மணற்பாங்கான மண்ணில் பொட்டாஷ் அடித்துக்கொண்டு போய்விடும். செடிக்கு அம்மோனியம் சல்பேட் 15 கிராம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 15 கிராம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி. மக்கிய தொழுவுரம் வருடத்துக்கு இரண்டு கிலோ போதும், மணிச்சத்தும் அதிலேயே கொஞ்சம் கிடைக்கும்.

ஈரோடு: அக்கா ஒருவர் சொன்னார், எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி வரும் என்று. உண்மையா?

உண்மை. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைப் பாதுகாக்கிறது, செடிக்குச் செடி தூக்கியும் செல்கிறது. அதிகம் அடைந்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அகற்றுங்கள். மீதியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, மறுநாள் மாலை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள், வாரம் ஒரு முறையாக மூன்று வாரம். எறும்புப் புற்றை ஒழிக்காமல் எத்தனை முறை தெளித்தாலும் திரும்ப வரும்.

புதுச்சேரி: குச்சி ஒடித்து நட்டால் வருமா?

பச்சை மாறிப் பழுப்பாகத் தொடங்கிய, பென்சிலைவிட ஒல்லியான கிளையில் ஐந்து அங்குலத் துண்டு எடுங்கள். மேல் ஜோடி இலையை மட்டும் பாதியாக வெட்டி விட்டு, மற்றவற்றை நீக்கி, வேரூக்கித் தூளில் தொட்டு, மணலும் நார்க்கழிவும் கலந்த ஊடகத்தில் நடவும். மேலே பிளாஸ்டிக் கவர் மூடி, நிழலில் வைக்க வேண்டும். ஆடி மாதம் நல்லது. வேர் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நடுவில் இழுத்துப் பார்க்காதீர்கள்.

ஊட்டி: இங்கே வளருமா?

உறைபனி விழும் இடத்தில் நிலைக்காது. அடிவாரத்தில் வைக்கலாம்.

திருநெல்வேலி: பழத்தைக் குழந்தைகள் பறித்துத் தின்கிறார்கள். பயமில்லையே?

நன்கு பழுத்த நாட்டு வெட்சிப் பழத்தைத் தின்னலாம், லேசான இனிப்பு இருக்கும், உள்ளே இரண்டு விதை. பூச்சி மருந்து தெளித்த செடியில் மட்டும் பறிக்க விடாதீர்கள்.