இசைக்கலைஞர்களே, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கிறிஸ்துமஸ் ஆல்பம் எது, ஏன்?

யோசிக்கவே வேணாம், ஜாஸ் பியானிஸ்ட் வின்ஸ் குவரால்டியோட மூணு பேர் குழு (ட்ரியோ) வாசிச்ச 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்', 1965ல வந்தது, 'பீனட்ஸ்' காமிக்ஸ வெச்சு எடுத்த அதே பேர் கார்ட்டூன் டிவி ஸ்பெஷலோட இசை. நான் பியானோ வாசிக்கிறவன், அதனால கொஞ்சம் ஓரவஞ்சனையாத்தான் பேசுவேன்.

கிறிஸ்துமஸ் ஆல்பம்னாலே மணிச்சத்தம், பெரிய ஆர்கெஸ்ட்ரா, எல்லாரும் சிரிச்சே ஆகணும்ங்கற கட்டாயம்னு இருக்கும். இதுல பெரும்பாலும் பியானோ, பேஸ், ட்ரம்ஸ் அவ்ளோதான், ட்ரம்ஸும் நிறைய இடத்துல குச்சிய விட்டுட்டு பிரஷ்ல மெதுவா போகும்.

எனக்கு உயிர் 'கிறிஸ்துமஸ் டைம் இஸ் ஹியர்'. எஃப் மேஜர் செவன்ங்கற கார்டுல (சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) ஆரம்பிச்சு நேரா ஈ ஃப்ளாட் செவனுக்கு இறங்கும், அதுவும் ஷார்ப் லெவன்ங்கற, கார்டுக்கு மேல சேக்கற கூடுதல் ஸ்வரத்தோட. அந்த ஷார்ப் லெவன் எதுன்னு பாத்தா ஏ, முதல் கார்டுல நிம்மதியா மேஜர் தேர்டா, அதாவது அந்த கார்டோட மூணாவது ஸ்வரமா, உக்காந்திருந்த அதே ஏ. ஸ்வரம் இடத்த விட்டு நகரல, கீழ இருக்கற தரை மட்டும் ஒரு படி இறங்கிடுச்சு, அதுக்கே மனசு ஒரு மாதிரி ஆயிடுது! வரிகள் பண்டிகை வந்தாச்சுன்னு சொல்லுது, கார்ட்ஸ் அத முழுசா நம்பல. பாடினது சான் ரஃபேல்ல இருக்கற ஒரு சர்ச்சோட சின்னப் பசங்க, அங்கங்க சுருதி லேசா விலகும், அத யாரும் பாலிஷ் பண்ணாம விட்டாங்களே, அது நம்ம அதிர்ஷ்டம்.

'லினஸ் அண்ட் லூசி' எல்லாருக்கும் தெரியும். கேக்க விளையாட்டா இருக்கும், வாசிக்க உக்காந்தா தெரியும், லெஃப்ட் ஹேண்ட் ஒரே சின்ன ஸ்வரக் கோர்வைய திருப்பித் திருப்பி வாசிச்சிட்டே இருக்கணும், ரைட் ஹேண்ட் அதுமேல ஆஃப் பீட்ல, அதாவது தாளத் தட்டுகளுக்கு நடுவுல, குதிக்கும். லெஃப்ட் ஹேண்ட தனியா வாசிச்சிக்கிட்டே யார்கூடயாவது பேச முடியற வரைக்கும் ரைட்ட சேக்காதீங்க, இதத்தான் என்கிட்ட கேக்கற எல்லார்கிட்டயும் சொல்றேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த டிவி ஸ்பெஷலோட தயாரிப்பாளர் லீ மெண்டல்சன் ரேடியோல குவரால்டியோட 'காஸ்ட் யுவர் ஃபேட் டு த விண்ட்' கேட்டுட்டுத்தான் அவரத் தேடிப் போனார், ஆனா ஸ்பெஷலப் பாத்த சிபிஎஸ் டிவி நிறுவன ஆளுங்களுக்கு கார்ட்டூனுக்கு ஜாஸ் போட்டது பிடிக்கவே இல்ல. டிசம்பர் 9, 1965 ஒளிபரப்பு, பெரிய ஹிட். 2012ல அமெரிக்க காங்கிரஸ் நூலகம் இந்த ஆல்பத்த தேசிய ஒலிப்பதிவுப் பட்டியல்ல சேத்துச்சு. குவரால்டி 1976லயே, 47 வயசுல போயிட்டார்.

எல்லா ட்ராக்கும் ஒசத்தின்னு சொல்ல மாட்டேன். 'ஃபர் எலிஸ்' நான் எப்பவும் தாண்டிடுவேன், கதைல பியானோ வாசிக்கற பையன் ஷ்ரோடர் பீத்தோவன் பைத்தியம்ங்கறதால பீத்தோவனோட அந்தப் பீஸ் இருக்கு, அவ்ளோதான். புதுசா கேக்கப் போறீங்கன்னா 'ஓ டானன்பாம்'ல ஆரம்பிங்க, முதல்ல பியானோ மட்டும் தாளத்துக்குக் கட்டுப்படாம இழுத்து இழுத்து வரும், அப்புறம் பேஸும் பிரஷும் சேந்து ஸ்விங் பிடிக்கும். ஹெட்ஃபோன் போட்டு பேஸ கவனிங்க, ஃபோன் ஸ்பீக்கர்ல அது சுத்தமா காணாமப் போயிடும்.