உறைகுளிரில் கரி பிறக்குமா?

கேள்வி: நான்கு வளையங்கள் கொண்ட பைரீன் என்னும் கார்பன் மூலக்கூறு மைனஸ் 263 டிகிரிக் குளிரில், விண்மீன்களுக்கு இடையே உள்ள மேகத்தில் உருவானது என்கிறார்கள். கருப்பட்டி அடுப்புகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நெருப்பில்லாமல் கரி உண்டாகும் என்பது வெறும் ஊகமாகவே படுகிறது. அது விண்மீனின் வெப்பத்தில்தானே பிறந்திருக்க வேண்டும்?
(வேதியியல் மாணவர், உடன்குடி)

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரி. பதநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் கரியில் பைரீன் உண்டு. கார்பன் மிகுந்த முதிய விண்மீன்களின் வெளியுறையிலும், தீச்சுடரில் நடப்பதுபோலவே, அசிட்டிலீன் மூலக்கூறுகள் சேர்ந்து வளையங்களாகின்றன. அதற்காக மறுபாதியை ஊகம் என்று ஒதுக்குவது முறையல்ல.

மார்கழி இரவில் மணப்பாடு கடற்கரையில் நின்று, கார்த்திகைக்குக் கிழக்கே, ரோகிணிக்கு வடக்கே பாருங்கள். கண்ணுக்குப் புலப்படாத அந்த இருண்ட மேகம் அங்கே ஏறத்தாழ 430 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பைரீனுக்கு இருமுனைத் தன்மை (ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் மிகுந்திருப்பது) இல்லாததால் அது ரேடியோ அலையில் அடையாளம் காட்டாது. ஆகவே சயனைடு தொகுதி (கார்பனும் நைட்ரஜனும் இணைந்தது) ஒட்டிய சயனோபைரீனை ஆய்வகத்தில் தயாரித்து, அதன் சுழற்சி அலைவரிசைகளை அளந்து, அவற்றை 100 மீட்டர் கிரீன் பாங்க் தொலைநோக்கியின் பதிவுகளோடு பொருத்திப் பார்த்து, 2024-இல் உறுதி செய்தார்கள். அளந்து கண்ட ஒன்றை ஊகம் என்று நாம் சொல்லலாகாது.

அது விண்மீனில் பிறந்து மேகத்துக்கு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். ஆனால் இத்தகைய சிறிய வளைய மூலக்கூறுகளை வழியிலேயே புற ஊதாக் கதிர்கள் சிதைத்துவிடும். மேகத்துக்குள்ளோ தூசு அக்கதிர்களைத் தடுக்கிறது. காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் அயனிகளும் தனி உறுப்புகளும் (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துண்டுகள்), வெப்பத்தின் தூண்டுதல் தேவைப்படாத வினைகளால் மூலக்கூறுகளை வளர்க்கின்றன.

எனக்கு இதைவிட வலுவாகப் படும் சான்று, ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியூகு சிறுகோளிலிருந்து 2020-இல் கொண்டுவந்த 5.4 கிராம் மண். கடுங்குளிரில் உருவாகும் மூலக்கூறில் கார்பன்-13 என்னும் சற்றே கனமான கார்பன் அணுக்கள் இரண்டு சேர்ந்து அமைவது, தற்செயலாக நேரக்கூடியதைவிட மிகுதியாக இருக்கும். பெருவெப்பத்தில் அந்த மிகுதி இராது. அந்த மண்ணைப் பற்றி 2023-இல் வெளியான ஆய்வில் பைரீனும், அதுபோன்ற வளைய மூலக்கூறான நாப்தலீனும் அந்த மிகுதியைக் காட்டின; வேறு இரு வளைய மூலக்கூறுகளான ஆந்த்ரசீனும் பீனாந்த்ரீனும் காட்டவில்லை. குளிரில் பிறந்ததும் வெப்பத்தில் பிறந்ததும் அந்த ஒரே மண்ணில் கலந்து கிடக்கின்றன.